மூன்று மெத்தை உயரத்தில் ஒரு கொடி

சரியாகப் பத்து மணிக்கு அவள் ஏறிவிடுவாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று ஸ்பாஞ்சு மெத்தை. மேல் மெத்தை ஆளை அரை அடி விழுங்கும். அதில் தள்ளாடி நின்றபடி, கடை ஷட்டருக்கு மேலே மாட்டிய கயிற்றை இழுத்து ஒரு தீவு நாட்டின் கொடியை ஏற்றுவாள். கயிறு இரண்டு முழம் குட்டை. மாற்றித் தருவதாக முதலாளி முதல் நாளே சொன்னார், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது இழுப்பில் கீழே யாராவது வந்து நிற்பார்கள். "ஏம்மா, சிங்கிள் கட்டிலுக்கு மெத்தை இருக்கா?" அவள் திரும்ப மாட்டாள், ஒரு கையை மட்டும் உயர்த்தி உள்ளங்கையைக் காட்டுவாள். பொறுங்கள் என்று அர்த்தம். கொடி உச்சிக்குப் போய், முடிச்சு விழுந்து, ஒரு விநாடி நிமிர்ந்து நின்ற பிறகுதான் இறங்கி வந்து, "ஆறேகால் அடிக்கு மூணு அடி ரெடியா இருக்கு. உள்ள வாங்கண்ணே" என்பாள்.

கல்லாவில் இருக்கும் முதலாளி அந்த உள்ளங்கையைப் பார்த்தாலே பாதி எழுந்து மறுபடி உட்காருவார். "வந்த கஸ்டமரக் காக்க வைக்கிறது பாவம்" என்பதுதான் அவர் படித்த ஒரே வேதம். தம் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்திலேயே ஒருவருக்குத் தலையணை அளவு சொல்லிவிட்டுப் போனவர் என்று கடையில் பேச்சு. ஆனால் இந்த விஷயத்தில் அவரால் வாயைத் திறக்க முடியாது. ஏறுவது அவருடைய கொடி. கடையின் பின்னறைதான் அந்தத் தீவு நாட்டின் தூதரகம்; மெத்தைக்கடை முதலாளிதான் அதன் கௌரவத் தூதர்.

நான் அந்தக் கடைக்கு மாடியில் குடியிருக்கிறேன். பத்திரிகைகளுக்குக் கதை எழுதிக் கழுத்து வலியைச் சம்பாதித்தவன். தலையணை மாற்ற இறங்கிப் போனபோது அந்தப் பெண் போனில் பேசுவதைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்கும் தூதரகத்துக்கும் ஒரே போன். மணி அடித்தால் எடுத்து, "வணக்கம், கௌரவத் தூதரகம்" என்பாள். எதிர்முனை திகைக்கும். உடனே அதே குரலில், "ஆமாங்க, நார் மெத்தையும் இருக்கு" என்பாள்.

கல்லூரியில் அவள் படிப்பது சர்வதேச ஆய்வுகள், மூன்றாம் வருடம். டாக்டர் படிப்பென்றால் ஊசியைக் காட்டலாம், வக்கீல் படிப்பென்றால் கோட்டைக் காட்டலாம். இதற்கு எதைக் காட்டுவது? உறவினர்களில் பாதிப்பேர் அவள் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுப்பாள் என்று நம்பிப் பிறப்புச் சான்றிதழோடு வருகிறார்கள். மீதிப்பேர் விமானத்தில் பரிமாறும் வேலைக்கான படிப்பு என்று நினைத்து, உயரம் போதுமா என்று கவலைப்படுகிறார்கள். நாடுகள் ஒன்றோடொன்று எப்படிப் பழகுகின்றன என்று படிக்கிறேன் என்று ஒரு மாமாவுக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறாள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அது நமக்கு எதுக்கும்மா?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி, அதற்கென்றே பாடத்திட்டத்தில் ஒரு பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றாள் என்னிடம்.

பட்டம் வாங்க வேண்டுமானால் ஏதேனும் ஒரு தூதரகத்திலோ உலக அமைப்பிலோ நூற்றைம்பது மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். அதோடு, ஆரம்பம் முதல் முடிவுவரை தானே கையாண்ட ஒரு விவகாரத்தைக் கோப்பாக எழுதி, தூதரின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். பெரியப்பா பெரிய இடத்தில் இருந்த மாணவர்கள் பெரிய இடங்களுக்குப் போனார்கள். இவளுக்கு இருப்பது அம்மா மட்டும். ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் வார்டு உதவியாளர். இவள் ஐம்பத்துமூன்று கடிதம் எழுதினாள். ஒரே ஒரு பதில் வந்தது. தாளின் தலையில் தீவு நாட்டின் அரசுச் சின்னம். காலில், 'முதுகு வலியா? எங்களிடம் வாருங்கள்' என்ற விளம்பரம். கரும்பு தின்னக் கூலியா என்று மறுநாளே வந்து சேர்ந்தாள். துறைத்தலைவர் மட்டும் மூக்கைச் சுளித்தாராம். மெத்தைக்கடையில் என்ன ராஜதந்திரம் என்று கேட்டவரிடம், கௌரவத் தூதரகமும் தூதரகமே என்ற விதியின் எண்ணைச் சொல்லியிருக்கிறாள். சரி, கோப்பு வரட்டும், பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

பெரிய நாடுகள் ஊருக்கு ஊர் மாளிகை கட்டித் தூதரை உட்கார வைக்கும். கையளவு நாடு என்ன செய்யும்? நாலு பேர் மதிக்கிற ஒரு வியாபாரியைப் பிடித்து, ஒரு பித்தளைப் பலகை, ஒரு முத்திரை, ஒரு கொடி கொடுத்து, எங்கள் ஆள் யாராவது சிக்கலில் மாட்டினால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடும். சம்பளம் கிடையாது. பதினோரு வருடத்துக்கு முன் அந்தத் தீவின் மந்திரி ஒருவர் மாநாட்டுக்கு வந்து, ஓட்டல் மெத்தையில் படுத்து முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் எழவில்லை. ஓட்டல்காரர்கள் அலறிக் கூப்பிட, நம் முதலாளி ஒரு நார் மெத்தையைத் தாமே தலையில் சுமந்து மூன்று மாடி ஏறினார். மந்திரி அன்று தூங்கிய தூக்கத்தின் பலன்தான் பித்தளைப் பலகை. அதை இன்றும் அவரே துடைக்கிறார். வேறு யாரையும் தொட விடுவதில்லை. தீவின் தேசிய தினத்தன்று மட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்காருவார். இத்தனை வருடத்தில் தூதரகத்தைத் தேடி வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பஸ் நிலையத்துக்கு வழி கேட்டார். இன்னொருவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்.

தூதரகத்தில் ஒரு மேசை, ஒரு முத்திரை, மை காய்ந்த பஞ்சுப் பெட்டி. மூன்று பக்கமும் கூரைவரை தலையணை. பேசினால் குரல் சுவருக்குப் போய்ச் சேராது. அரசு ரகசியம் பேச இதைவிட நல்ல அறை எந்த வல்லரசிடமும் கிடையாது என்பது அவள் கட்சி. வந்த வாரமே உலகப் படம் ஒன்றை மாட்டித் தீவு இருக்கும் இடத்தில் குண்டூசி குத்தினாள். ஊசியின் தலை தீவைவிடப் பெரிது. தீவின் நேரம் காட்ட இன்னொரு கடிகாரம் வைத்தாள். மத்தியானம் அங்கே நடுராத்திரி என்பதால் சாப்பாட்டு வேளையில் குரலைத் தாழ்த்திப் பேசுவாள். பெட்டியில் பதினோரு வருடம் மடித்தபடி கிடந்த கொடியை எடுத்து, காலை பத்துக்கு ஏற்றி மாலை ஐந்துக்கு இறக்க வேண்டும், தரையில் படக் கூடாது, ஆறாக மடிக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தைப் படித்துச் சொன்னதும் அவள்தான். நீலமும் வெள்ளையுமாகப் பட்டைக் கோடு. மூலையில் ஒரு சின்னக் கடல் பறவை. வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டு வைத்தாள். கோடு மட்டும் இருக்கிறது.

அவளுக்குக் கோபம் மற்றவர்களுக்கு வருவதுபோல வராது. படிப்பு அதற்குப் படிக்கட்டு கட்டிவிட்டது. டீயில் சர்க்கரை குறைந்தால் கவலை தெரிவிப்பாள். டீயே வராவிட்டால் ஆழ்ந்த கவலை. பதிவேட்டின்மேல் யாராவது கிளாசை வைத்தால் வருத்தம். பஞ்சுத் தூசி கொடியில் படும்படி யாராவது மெத்தையைத் தட்டினால் கண்டனம். அதற்கும் மேலே வன்மையான கண்டனம் என்று ஒன்று உண்டாம். அவள் அதை எடுத்து நான் பார்த்ததில்லை. "திட்டணும்னா திட்டிடு கண்ணு, இப்படி லெட்டர் மாதிரி பேசாத" என்பாள் தையல் அக்கா. மெத்தை உறையும் தலையணை உறையும் தைக்கிற இந்த அக்கா, கடை மூலையில் மிதி மெஷினோடு ஒட்டிப் பிறந்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். சாப்பிடும்போதுகூட பெடலிலிருந்து காலை எடுக்க மாட்டாள். அவள்தான் இந்தப் பெண்ணுக்குத் 'தூதரம்மா' என்று பெயர் வைத்தவள். இப்போது மெத்தை வாங்க வருகிறவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

படித்ததைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவள். எதிர்க் கடைக்காரன் ஒருநாள் மெத்தை வாங்கினால் ஒரு தலையணை இலவசம் என்று பலகை வைத்தான். முதலாளி இரண்டு என்று வைத்தார். அவன் மூன்று என்றான். முதலாளி நாலு என்று எழுத சாக்பீஸை எடுத்தபோது தூதரம்மா தடுத்தாள். பயத்தில் ஒருவன் ஆயுதம் சேர்க்க, அதைக் கண்டு பயந்து மற்றவன் சேர்க்க, கடைசியில் இருவரும் முன்னைவிட ஆபத்தில் இருப்பார்கள், இதற்கு எங்கள் பாடத்தில் பெயரே உண்டு என்று விளக்கினாள். முதலாளி முழுக்கக் கேட்டுவிட்டு, "பேரு கிடக்கட்டும்மா. அவன் அஞ்சு குடுத்தா என்ன பண்றது?" என்றார். அவள் தெருவைக் கடந்து போய் ஒன்றரை மணி நேரம் பேசினாள். ஆளுக்கு ஒரு தலையணைக்கு மேல் போவதில்லை என்று இரண்டு கடையும் கையெழுத்துப் போட்டன. உடன்படிக்கை ஒன்பது நாள் தாங்கியது. இதைவிடக் குறைந்த ஆயுளில் போனவை உலகத்தில் எத்தனையோ உண்டு என்று அவள் மனம் தளரவில்லை. இதையே கோப்பாக எழுதிவிடேன் என்றேன். தீவு நாட்டுக்குச் சம்பந்தமில்லாதது செல்லாது என்று சொல்லிவிட்டாள்.

இப்படியே நூற்று முப்பத்தெட்டு மணி நேரம் ஓடிவிட்டது. கோப்புக் கொடுக்கக் கடைசி நாள் அந்த வார வெள்ளிக்கிழமை. கோப்பு இல்லையென்றால் பயிற்சி செல்லாது. அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து. மகள் பட்டம் வாங்கிய மறுநாளே பகல் பணிக்கு மாறிவிடுவதாக அம்மா வார்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாராம். "இன்னும் ஒரு வருஷம் ராத்திரி முழிச்சிரும்மான்னு நான் எப்படிச் சொல்றது சார்?" என்று கேட்டாள். தீவுக்காரன் ஒருவன், ஒரே ஒருவன், இந்த ஊரில் வந்து பாஸ்போர்ட்டைத் தொலைக்கக் கூடாதா என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

முதலாளிக்கும் மனது கேட்கவில்லை. மாலுமி ஒருவன் வந்தான், பாஸ்போர்ட்டைத் தொலைத்தான் என்று எழுதிக்கொள், நான் முத்திரை குத்துகிறேன் என்றார். நான் ஒரு படி மேலே போனேன். கதை எழுதுகிறவனாயிற்றே, மாலுமியை நானே தருகிறேன் என்று, தாடையில் தழும்பு, கொஞ்சம் திக்குவாய், ஊரில் ஒரு கைக்குழந்தை எல்லாம் சேர்த்துச் செய்து கொடுத்தேன். அவள் கடைசிவரை கேட்டாள். "நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு. ஆனா இல்லாத ஆளுக்காக நான் யார்கிட்டப் போய்ப் பேசறது?" என்று சொல்லிவிட்டுக் கொடியை இறக்கப் போனாள்.

அன்று திங்கட்கிழமை. காற்றில் கொடியின் ஓரம் கிழிந்திருந்தது. ஆறாக மடித்துத் தையல் மேசையில் வைத்து, 'ஓரம் மட்டும்' என்று ஒரு சீட்டு எழுதி மேலே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சீட்டை மின்விசிறி எடுத்துக்கொண்டது. அக்காவுக்கோ காலைக்குள் பன்னிரண்டு திண்டு அனுப்பியாக வேண்டும். கட்டிக்கொண்டு படுக்கிற நீளத் திண்டு, நீலமும் வெள்ளையும் கோடு போட்ட துணி. வெட்டி வைத்திருந்த துணி பதினொரு திண்டுக்குத்தான் போதுமாயிருந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தூதரம்மா மேசைக்கு அடியிலும் மெத்தைகளுக்கு இடையிலும் தேடிக்கொண்டிருந்தாள். "அந்தக் கோடு போட்ட துணியா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். "மூலையில குருவி இருந்துச்சே. நான் டிசைன்னுல்ல நெனச்சேன். குருவி மேல தெரியற மாதிரிதான் வச்சுத் தச்சேன்." சொல்லிவிட்டுப் பயத்தில் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தாள், துணியே இல்லாமல் மெஷின் ஓடியது. முதலாளிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அக்காவைத் திட்ட வாயெடுத்தவரைத் தூதரம்மா மறித்து, மேசையில் வைத்தது நான் என்றாள். அப்புறம் டெலிவரி நோட்டைப் புரட்டினாள். பன்னிரண்டு திண்டும் லாரி ஓட்டுநர்கள் தங்கும் விடுதிக்குப் போயிருந்தன.

நானும் கூடப் போனேன். புதுத் திண்டு ஒன்றை அவள் பிள்ளையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நீளமான அறையில் இரண்டு வரிசைக் கட்டில். கடைசிக் கட்டிலில் பருத்த ஓட்டுநர் ஒருவர், தீவு நாட்டின் கொடியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, பறவையின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பதினெட்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவராம். விடுதிக்காரர் எழுப்பப் போனார். இவள் உள்ளங்கையைக் காட்டினாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம், இரண்டு, மூன்று. ஒரு நாட்டின் கொடி அந்நியன் பிடியில் இருக்கும்போது இப்படிக் காத்திருக்கலாமா என்று சீண்டினேன். "அது அங்க பத்திரமாத்தான் இருக்கு சார்" என்றாள். நோட்டில் மணியை மட்டும் குறித்துக்கொண்டாள்.

ஓட்டுநர் எழுந்ததும், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: நாடு, கொடி, விதி, நடந்த தவறு. அவர் திண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொடுக்க மனமில்லை, ஆறு மாதத்துக்கப்புறம் அன்றுதான் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாராம். புதுத் திண்டை நீட்டினாள். அழுத்திப் பார்த்துப் பஞ்சு அதிகம் என்றார். அங்கேயே தையலைப் பிரித்து இரண்டு பிடி பஞ்சை எடுத்தாள். இன்னொரு பிடி என்றார். அதையும் எடுத்தாள். பேச்சுவார்த்தை முடிந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்த நாட்டுக்காரங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லிடுங்கம்மா. தூக்கத்துல எச்சில் வழிஞ்சிருக்கும்" என்றார். அவள் சிரிக்கவில்லை. 'வருத்தம் தெரிவிக்கப்பட்டது, ஏற்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டாள்.

திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. தீவு நாட்டின் சொத்து காணாமல் போயிருக்கிறது. தேடிப் பேசி மீட்டவள் இவள். கோப்பு கிடைத்துவிட்டது. சொன்னேன். அவளுக்கும் அது தெரிந்திருந்தது, ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. தூதரகக் கோப்பு எதுவானாலும் ஒரு பிரதி தீவின் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போக வேண்டுமாம். கொடியைத் திண்டாகத் தைத்து விற்ற தூதரை எந்த நாடு வைத்துக்கொள்ளும்?

புதன்கிழமை மாலை வரைவை முதலாளியிடம் நீட்டினாள். 'கொடியைத் தையல் மேசையில் வைத்தது என் தவறு' என்று அது தொடங்கியது. அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 'கொடி திண்டாகத் தைக்கப்பட்டுவிட்டது' என்று, தைத்த கையே தெரியாமல் எழுதியிருந்தாள். அந்த வித்தை அவர்களுக்கு இரண்டாம் வருடப் பாடம். முதலாளி இரண்டு தடவை படித்தார். "காத்துல பறந்துபோச்சுன்னு போடலாமேம்மா" என்றார். கல்லாவில் கேட்கிற குரல் இல்லை அது. "இத அப்படியே அனுப்பினா பலகையக் கழட்டச் சொல்லிடுவாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதுவும் ஒரு விடுதி முழுக்க லாரிக்காரர்கள் பார்த்துவிட்ட பூசணிக்காய். ஆனால் அவள் வாதாடவில்லை. வரைவை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தாள். "அப்ப இது இங்கயே இருக்கட்டும் சார். பொய்யா எழுத எனக்கு வராது. நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. முதலாளிமேல் அதைவிட அதிகமாக வந்தது. பதினோரு வருடம் துடைத்த பலகையைவிட ஒரு தாயின் தூக்கம் பெரிதில்லையா என்று கேட்க நினைத்து, வாடகை வீட்டில் இருப்பவன் என்பதால் கேட்காமல் மாடி ஏறினேன்.

வியாழக்கிழமை முதலாளி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். தேசிய தினத்துக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. நேரே பின்னறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தார். "உன் தப்புன்னு எழுதியிருக்கியே, கடை யாரோடதும்மா?" என்று கேட்டு, 'என் தவறு' என்றிருந்ததை அடித்து 'எங்கள் தவறு' என்று திருத்தினார். கீழே, 'பொறுப்பு என்னுடையது' என்று தம் கோணல் எழுத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். மை காய்ந்த பெட்டியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு முத்திரையைக் குத்தினார். பிறகு வெளியே போய்ப் பித்தளைப் பலகையை வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். தூதரம்மாவுக்கு அன்று அறிக்கை எதுவும் வாயில் வரவில்லை. விற்பனைக்கு வைத்திருந்த தலையணை ஒன்றை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் அக்கா கொடியைப் பிரித்து, துவைத்து, மறுபடி சேர்த்து, ஓரமும் மடித்துத் தைத்திருந்தாள். பறவை இருந்த மூலை கொஞ்சம் கோணிவிட்டது. பத்து மணிக்குத் தூதரம்மா மூன்று மெத்தையை அடுக்கினாள். துறைக்கும் தீவுக்கும் போக வேண்டிய இரண்டு உறைகளும் அவள் கக்கத்தில் இருந்தன. ஏறப் போனவள் நின்று, "அக்கா, நீங்க வாங்க" என்றாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காத அக்கா மாட்டேன் என்று தலையாட்டினாள். இவள் மறுபடி கூப்பிட்டாள். அக்கா பெடலிலிருந்து காலை எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினாள். மேல் மெத்தை அரை அடி விழுங்கியது. அக்கா தள்ளாட, தூதரம்மா குனிந்து அவள் கணுக்கால்களை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். கொடி விட்டு விட்டு ஏறியது.

அது பாதி உயரத்தில் இருக்கும்போது கீழே ஒருவர் வந்து நின்றார். "டபுள் கட்டிலுக்கு மெத்தை இருக்குங்களா?"

தூதரம்மாவிடம் காலியாக ஒரு கை இல்லை. கல்லாவுக்கு முன்னால் கோட்டோடு நின்றிருந்த முதலாளி, கொடியிலிருந்து கண்ணை எடுக்காமல், உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார்.